கைராசிக்காரிகள்

மாமனாரின் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து அவள் இன்சுலின் ஊசியை இறக்கியிருந்த சமயம் பார்த்துத்தான், அறை வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவர் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"மேடையில அந்தப் பையனே பேசட்டும்னு முடிவு பண்ணிட்டேன்."

அவள் மருந்து முழுவதும் இறங்கும்வரை காத்திருந்து, ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். மாமனார் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். ஊசி விஷயத்தில் பெரியவர் சின்னப் பிள்ளைதான். எல்லாம் முடிந்து யாராவது சொன்னால் ஒழியக் கண்ணைத் திறக்க மாட்டார்.

"முடிஞ்சுது மாமா," என்றாள்.

"உன் கைராசி யாருக்கும் வராதும்மா. வலியே தெரியல," என்று தினமும் சொல்வதையே சொன்னார்.

அந்தப் பாராட்டு அவளை என்ன பாடு படுத்தியது என்று அவளுக்குத்தான் தெரியும். மகன் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சித் துறையின் தலைவர். ஆனாலும் பெற்ற தகப்பனுக்கு ஒரு ஊசி போட்டது கிடையாது. "எனக்கெல்லாம் அந்தக் கை கிடையாது," என்று நழுவிவிடுவார். ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்தபோது பக்கத்துத் தெரு நர்ஸைக் கூப்பிட்டார்கள். பெரியவர் ஆளைப் பார்த்ததுமே, ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே, வீடே இரண்டாகும்படி கத்தினார். கடைசியில் காய்ச்சலோடு எழுந்து வந்து அவளேதான் போட்டாள். அதன் பிறகு அவள் வெளியூரில் ஓர் இரவு தங்கியதில்லை. கூடப்பிறந்த தங்கையின் பிரசவத்துக்குப் போனபோதுகூட, குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிட்டாள். வாடிய செடி தழைப்பதும் அவள் கைராசியாம். ஆகவே மாடியிலிருக்கும் அத்தனை தொட்டிகளும் அவள் தலையில்.

"அது அந்தப் பொண்ணு செஞ்ச வேலைங்க," என்றாள்.

"அவதான் செஞ்சா. யார் இல்லேன்னது? பேசுறதுக்குத் தெம்பு வேணும்ல. வாயைத் திறந்தாலே அவளுக்குக் குரல் நடுங்குது."

அதோடு பேச்சு முடிந்தது. இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போவார்கள். வழியெல்லாம் அவர் செய்தி கேட்டுக்கொண்டு வந்தார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அந்தத் துறையில் அவளுக்கு, ஆராய்ச்சித் திட்டம் செய்ய வரும் மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலை. எதைக் கேள்வியாகக் கேட்பது, அதற்குச் சோதனையை எப்படி அமைப்பது, தப்பு நேர்ந்தால் மறைக்காமல் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்கு முதலிலிருந்து சொல்லித் தருவாள். பிள்ளைகளைப் போலவே அவளுடைய வேலையும் வருடத்துக்கு வருடம்தான். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் தாய்க்கோழி. செல் அறையின் இன்குபேட்டரை விட்டு நகராமல் அடைகாக்கிறாளாம். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது, கோபம் வந்ததில்லை.

இன்குபேட்டர் என்பது எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு அலமாரி. அதற்குள் சின்னச் சின்னக் குடுவைகளில் மனிதச் செல்கள் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு மீடியம் என்று ரோஜா நிறத்தில் ஓர் ஊட்டத் திரவம். பழசை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை ஊற்ற வேண்டும். ஞாயிறு, விடுமுறை, தலைவலி எதுவும் செல்லுக்குத் தெரியாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

கைக்குழந்தை வேலை யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்? பெண் கை பட்டால் செல் வளரும், பையன் தொட்டால் செத்துப்போகும் என்று அந்தத் துறையில் ஒரு நம்பிக்கை. மந்திரம், தந்திரம் என்று யாராவது வாயைத் திறந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற கூட்டம் அது. ஆதாரமில்லாமல் மாணவன் அரை வரி எழுதினாலும் கோடு போட்டு அடித்துவிடுகிற கூட்டம். கைராசிக்கு மட்டும் அவர்களில் ஒருவர்கூட ஆதாரம் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கைராசி உள்ளவள் செல் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. கைராசி இல்லாத பையன்கள் பாவம், வேறென்ன செய்வார்கள்? கணினியில் வரைபடம் போடுவார்கள், மேடையேறிப் பேசுவார்கள். ஆண்டு ஆய்வு நாளன்று வெளியிலிருந்து தேர்வுக் குழு வரும். நன்றாகப் பேசியவருக்குத் துறையில் காலியாகும் ஒரே ஓர் இளம் ஆராய்ச்சியாளர் இடம் கிடைக்கும். பல வருடங்களுக்கு முன்னால் அந்த மேடையில் ஒருவர் பேசினார். பேசியதெல்லாம் செல் அறையில் வேறொருத்தி வளர்த்த செல்களைப் பற்றி. பேசியவர் இன்று தலைவர். வளர்த்தவள் அவருக்குக் கழுத்தை நீட்டி, இன்னும் வளர்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இந்த வருடம் செல் அறைக்கு வாய்த்தவர்களில் ஒருத்தி, தடித்த கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த பெண். லேப்பில் அவளுக்குப் பெயரே கண்ணாடிதான். சர்க்கரை நோயாளிகளின் புண் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை என்பது திட்டம். தோல் செல்களை ஒரு தட்டில் பரவ விட்டு, நடுவில் ஒரு கீறல் போட்டு, இரண்டு பக்கச் செல்களும் நகர்ந்து வந்து எப்போது கீறலை மூடுகின்றன என்று பார்க்க வேண்டும். இதற்கு முன் செய்தவர்களெல்லாம் மீடியத்தில் சர்க்கரையை ஒரே உயரத்தில் ஏற்றி வைத்துத்தான் பார்த்தார்கள். அவளோ, "எங்கப்பாவுக்கு ஒரே மாதிரியா இருக்காது மேடம். காலையில ஏறும், சாயந்திரம் இறங்கும். செல்லுக்கும் அப்படியே குடுத்துப் பார்த்தா என்ன?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. காலையில் சர்க்கரை கூடிய மீடியம், மாலையில் குறைந்தது என்று வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஊற்றினாள். எப்போதும் உச்சத்திலேயே சர்க்கரை இருந்த செல்களைவிட, ஏறி இறங்கிய செல்களில்தான் கீறல் அதிக நாள் ஆறாமல் கிடந்தது. அதை நுண்ணோக்கியில் பார்த்த அன்று தாய்க்கோழி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

வரைபடம் போட்டவன், மேடையில் பேசப் போகிறவன், மைக் என்று பட்டப்பெயர் வாங்கிய பையன். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். நல்ல பையன்தான், கெட்டிக்காரனும்கூட. ஆனால் கீறல் போட்ட தட்டை அவன் கையால் தொட்டதில்லை.

கணவர் செய்தி சொன்ன அன்று காலை, லேப்புக்குள் போனதும் அவளே கண்ணாடியிடம் விஷயத்தைச் சொன்னாள். பெண் தரையைப் பார்த்தபடியே, "பரவாயில்ல மேடம்," என்றாள். அழுதிருந்தாலாவது தேறுதல் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடங்களாகத் தான் சொல்லிப் பழகிய வார்த்தை இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததும், கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேரே தலைவர் அறைக்குப் போனாள். கல்லூரியில் அவர் அவளுக்கு சார்.

கேள்வி அந்தப் பெண்ணுடையது, சோதனையும் அவளுடையது, பேச்சு மட்டும் ஏன் இன்னொருவனுக்கு என்று கேட்டாள். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். குழுவில் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், துறையின் மானம் போகக்கூடாது, மாறி மாறி மீடியம் ஊற்ற வேண்டிய நேரம் வேறு ஆய்வு நாள் காலையில் குறுக்கே வருகிறது, அவளை விட்டால் அதை யார் செய்வது என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அவ எதிர்காலத்தை நான் யோசிக்காம இருப்பேனா? தற்காலிகமா ஒரு வேலை போட்டு இங்கேயே வச்சுக்கலாம். செல் அறைக்கு அச்சு அசலா உன்னை மாதிரியே ஒருத்தி கிடைச்சிருக்கா. விடுவாங்களா?"

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளைக் குத்திக் கிழித்தது. வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். எரிச்சல் அடங்கவில்லை. இத்தனை பிள்ளைகளுக்கு ஆதாரம் கேள், ஆதாரம் கேள் என்று தொண்டை வறளக் கத்தியவள், தன் தலையிலேயே கட்டிய கைராசிக்கு ஏன் ஆதாரம் கேட்கவில்லை? வருடா வருடம் பெண்களைக் கையைப் பிடித்து அந்த அறைக்குள் கூட்டிப்போனது யார்? நினைக்க நினைக்க அவள் மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் பையன்களையெல்லாம் செல் அறைக்குக் கூப்பிட்டாள். பயிற்சி என்றாள். உள்ளே வந்தவர்கள் செய்த கூத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒருவன் மீடியத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சில்லென்று அப்படியே ஊற்றப் போனான். இன்னொருவன் திறந்த குடுவைக்கு மேல் முகத்தை நீட்டி ஊர்க்கதை பேசினான். ஞாயிற்றுக்கிழமை வருவதா என்று எல்லோருமே அதிர்ந்தார்கள். செல் ஏன் செத்தது என்பதற்கு அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஆனாலும் முறைப்படி செய்தாள். திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தாள். கை பழகிய பிறகு, பாதிக் குடுவைகளைப் பெண்களுக்கும் பாதியைப் பையன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவள் அந்த அறைப்பக்கமே போகவில்லை. கடைசியில் யாருடைய குடுவை என்பது தெரியாதபடி அடையாளங்களின் மேல் டேப் ஒட்டிக் கலைத்து அடுக்கினாள்.

தலைவர் வாராவாரம் செல்களைப் பார்வையிட வருவார். அந்த முறை வந்தபோது, மாணவர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, "இதுல கைராசி உள்ள கை எதுன்னு சொல்லுங்க சார்," என்றாள்.

இதென்ன பிரமாதம் என்பதுபோல் அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார். "இதோ. கல் பாவின தரை மாதிரி எவ்வளவு ஒழுங்கு பாருங்க. இது நம்ம கண்ணாடி. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

அவள் டேப்பை உரித்தாள். மைக்கின் குடுவை.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார், மனிதர் அசரவில்லை. "நீ பக்கத்துலயே நின்னிருப்பே. அது உன் கைராசி."

"வளர்ந்த நாள் பூரா நான் உள்ளேயே போகலை சார்."

"அப்படீன்னா இவனுக்கும் கைராசி இருக்கு. விடேன்," என்று மைக்கின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆதாரத்தைக் கண்முன் வைத்தாயிற்று. அவர் அதையும் எடுத்து அதே பையில் போட்டுக்கொண்டு போகிறார். இனி என்னதான் செய்வது என்று குடுவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தினாள். இவனுக்கும் கைராசி இருக்கிறது. சரி. அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், அத்தனை பேருக்கும் முன்னால்.

ஆய்வு நாளுக்கு முந்தைய தினம் மைக்கைக் கூப்பிட்டு, மறுநாள் காலை மீடியம் மாற்றும் முறை அவனுடையது என்றாள். அவன் விளையாட்டென்று நினைத்தான்.

"நாளைக்கு நான் பேசணுமே மேடம்."

"உனக்குக் கைராசி இருக்குன்னு சாரே சொல்லிட்டாரேப்பா. கைராசி உள்ளவங்க உள்ளேதான் இருக்கணும். நம்ம துறையில அதுதானே வழக்கம்."

"நல்லா வளர்த்தது என் தப்பா மேடம்?"

"அவ தப்பா?"

அவன் முகம் சிவந்து போயிற்று. "அவ என்னைக் கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்," என்றான்.

"அவளோடதை அவளே உங்கிட்டக் கேட்டு வாங்கணுமா?"

அவன் போய்விட்டான். தலைவரிடம் போய்ச் சொல்லிவிடுவானோ என்று அன்று முழுவதும் அவள் தலைவர் அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவளுடைய வேலையும் போகும், பெண்ணின் இடமும் போகும். கண்ணாடியிடம் அவள் ஒன்றுமட்டும் சொல்லி வைத்தாள். பேச்சைத் தயார் செய்துகொண்டு அரங்கில் முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. பெண் மிரண்டுபோய்த் தலையாட்டினாள்.

காலையில் செல் அறைக்கு வெளியே மைக் நின்றுகொண்டிருந்தான். மேடைக்கென்று வாங்கிய புதுச் சட்டை. அதன் மேல் அறைக்குரிய அங்கியை மாட்டி, தொப்பியை இழுத்துக் கட்டிக்கொண்டான். வரைபடங்கள் இருந்த பென் டிரைவை அவளிடம் நீட்டினான்.

"கைராசின்னா பாராட்டுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன் மேடம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அரங்கில் தலைவர் குழுவினருக்கு நடுவில் அமர்ந்திருந்தார். மைக்கின் பெயரை அழைத்தார்கள். யாரும் எழவில்லை. மறுபடியும் அழைத்தார்கள். தலைவர் கழுத்தை நீட்டி அரங்கம் முழுவதும் தேடினார். அவள் எழுந்து மேடையருகே போய், குழுவினரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மன்னிக்கணும். அந்த மாணவர் செல் அறையில மீடியம் மாத்திட்டிருக்கார். குடுவை திறந்திருக்கு, பாதியில விட்டுட்டு வர முடியாது. அவருக்குக் கைராசி இருக்கறதைக் கண்டுபிடிச்சதே எங்க தலைவர்தான். கைராசி உள்ளவங்களை அங்கேயிருந்து எடுக்கிறது எங்க வழக்கமில்லை. அதனால இந்தச் சோதனையை யோசிச்சு, செஞ்சு முடிச்ச மாணவியே பேசுவா."

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றும் புரியாத குழுத்தலைவர், செய்தவரே பேசுவதுதானே முறை என்றார். அப்படியில்லை என்று அத்தனை பேர் முன்னிலையில் யார் சொல்வது?

கண்ணாடி மேடையேறினாள். குரல் நடுங்கத்தான் செய்தது. முதல் வரியை இரண்டு முறை சொன்னாள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஆனால் திரையில் அந்தக் கீறல் வந்து நின்றதும் பெண் சபையை மறந்துவிட்டாள். தன் தகப்பனுக்குச் சர்க்கரை ஏறி இறங்குவதில் தொடங்கி, ஆறாத கீறலில் கொண்டு வந்து முடித்தாள். குழுவினர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாத ஒன்றைத் தெரியாது என்றே சொன்னாள், அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மாலையில் அந்த ஒரே இடம் அவளுக்கென்று அறிவித்தார்கள். தலைவர் எழுந்து கைதட்டினார், வேறு வழியில்லை.

காரில் அவர் செய்தி கேட்கவில்லை.

"என்னை நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்திட்டே."

"நீங்க சொன்னதைத்தாங்க சொன்னேன்."

"இனிமே செல் அறையை யார் பார்த்துக்குவா?"

"முறை வச்சு எல்லாரும் பார்த்துக்குவாங்க," என்றாள். அடுத்த வருடம் அவளுக்கு வேலை புதுப்பிக்கப்படுமா என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. அது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும், சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று மாமனார் குரல் கொடுத்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து மருந்தை அளந்து ஊசியில் ஏற்றினாள். "சட்டையைத் தூக்கிக்குங்க மாமா," என்றாள். பெரியவர் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடினார். அவள் ஊசியைக் கணவரிடம் நீட்டினாள்.

அவர் பின்வாங்கினார், தலையை ஆட்டினார், கையால் வேண்டாம் என்றார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கட்டிலில் பெரியவர் காத்துக்கிடந்தார். வாயைத் திறந்தால் தகப்பனுக்குத் தெரிந்துவிடும் என்பதால், மறுக்கவும் முடியாமல் கணவர் ஊசியை வாங்கிக்கொண்டார். அவள் செய்வதை எத்தனையோ முறை பார்த்தவர்தானே. சதையைப் பிடித்து, இறக்கி, காத்திருந்து, எடுத்துப் பஞ்சை வைத்தார். நெற்றி வேர்த்திருந்தது. அதற்குள் அவள் கதவருகே போய் நின்றுகொண்டாள்.

"முடிஞ்சுது மாமா," என்றாள் அங்கிருந்தே.

பெரியவர் கண்ணைத் திறக்காமலே நிம்மதியாக மூச்சு விட்டார். "உன் கைராசி யாருக்கும் வராதும்மா. வலியே தெரியல."

கணவர் கையில் ஊசியோடு அசையாமல் நின்றார். தகப்பனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நாளைக்கு நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேங்க," என்றாள் அவள். "நாலஞ்சு நாள் தங்கிட்டுத்தான் வருவேன். மாமாவை நினைச்சுக் கவலையில்ல. உங்களுக்குத்தான் கைராசி இருக்கே."